பைக் பாதையில் கட்டி வைத்த பாலத்தையும் ஜம்ப்பையும் எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி இதுதான்: "வடக்கு வான்கூவரில் ஃப்ரோம் மலைக்கு என் 14 வயது மகன் நண்பர்களோடு மவுண்டன் பைக் ஓட்டப் போகிறான். அங்கே மரத்தில் கட்டிய ஒல்லிப் பாலங்கள், மண்ணில் கட்டிய ஜம்ப்கள் எல்லாம் இருக்கின்றன. இவற்றை யாராவது பரிசோதிக்கிறார்களா? பாதுகாப்பானவை என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அவன் ஏறும்போது அது உடைந்து விழுமா என்பது ஒன்று. உடையாமல் கெட்டியாக நின்றுகொண்டே அவனைத் தூக்கி எறியுமா என்பது இன்னொன்று. பெற்றோர் பெரும்பாலும் முதல் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எனக்குக் கவலை தருவது இரண்டாவது. நான் கட்டுமானப் பொறியியல் படித்தவன். வான்கூவரின் வடகரை மலைகளில் பல ஆண்டுகளாகத் தன்னார்வக் குழுக்களோடு மண் வேலையும் மர வேலையும் செய்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில்தான் பேசுகிறேன். சட்டம் பற்றிச் சொல்லும் இடங்களில் மட்டும் என்னை ஒரு வழக்கறிஞராக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பரிசோதிக்கிறார்களா என்பதற்கு நேரான பதில்: அங்கீகாரம் பெற்ற பாதைகளில் ஆம், மற்றவற்றில் இல்லை. வடகரையில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது நார்த் ஷோர் மவுண்டன் பைக் அசோசியேஷன். 1997இல் தொடங்கிய அமைப்பு அது. நகராட்சி போன்ற நில உரிமையாளர்களின் அனுமதியோடு வேலை செய்கிறது. ஒவ்வொரு பாதையையும் ஒரு நிறுவனமோ குழுவோ தத்தெடுத்துக்கொள்ளும் திட்டமும் வைத்திருக்கிறது. ஆனால் அதே காட்டில், அனுமதியில்லாமல் யாரோ நான்கு பேர் ஒரு வார இறுதியில் கட்டிவிட்டுப் போன ஜம்ப்களும் இருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரசு வனநிலத்தில் அனுமதியின்றிப் பாதையோ அதில் கட்டுமானமோ அமைப்பது வன, மேய்ச்சல் நிலச் சட்டத்தின் 57ஆவது பிரிவுப்படி குற்றம். கட்டியவர்கள் ஊர் மாறிப் போயிருக்கலாம், விளையாட்டையே விட்டிருக்கலாம். கட்டுமானம் மட்டும் மழையில் நின்றுகொண்டிருக்கும். ஆகவே உங்கள் பையன் ஓட்டும் பாதையின் பெயர் பலகையிலும் வரைபடத்திலும் இருக்கிறதா, அதைப் பார்த்துக்கொள்ளும் குழு எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பாதையில் உள்ள எதையும் யாரும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

சரி, முதலில் மரத்தைப் பார்ப்போம். இந்த மலைகளில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. 1990களில் இங்கே மரப் பாலங்கள் பெருகியதற்கு அந்தச் சேறும் ஒரு காரணம்; சதுப்பான இடத்தைச் சக்கரம் குழப்பாமல் தாண்டுவதற்குக் கட்டிய ஏணிப் பாலங்கள், பிறகு வேண்டுமென்றே உயரமாகவும் குறுகலாகவும் மாறின. இங்கே பயன்படுத்துவது வெஸ்டர்ன் ரெட் செடார் மரம். நீளவாட்டில் இரண்டு உத்தரங்கள், அவற்றின் மேல் நெருக்கமாக அடித்த குறுக்குக் கட்டைகள். நல்ல வேலைக்காரர்கள் இந்தக் கட்டைகளை ரம்பத்தால் அறுக்காமல், விழுந்து கிடக்கும் மரத்தை நார் ஓடும் திசையிலேயே பிளந்து எடுப்பார்கள். பிளந்த கட்டையில் நார் அறுபடுவதில்லை, அதனால் பலம் அதிகம். மேல்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் ஈர டயருக்கும் கொஞ்சம் பிடிப்பு கிடைக்கும்.

செடாரின் புகழ் எல்லாம் அதன் வைரத்துக்குத்தான். வைரம் பாய்ந்த உள்பகுதியில் பூஞ்சைக்கு ஒத்துக்கொள்ளாத சாறு இருக்கிறது. வெளியே உள்ள வெளிறுக்கு அந்தக் காப்பு கிடையாது, மற்ற எந்த மரத்தையும் போல அது இற்றுப்போகும். பட்டையை உரிக்காமல் விட்டால் இன்னும் மோசம், பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே தண்ணீர் தங்கிக்கொண்டே இருக்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. ஆகவே இற்றுப்போவது எப்போதும் தண்ணீர் தங்கும் இடங்களில்தான் தொடங்கும்: கால் மண்ணைத் தொடும் இடம், உத்தரமும் குறுக்குக் கட்டையும் சேரும் இடம், ஆணி இறங்கிய ஓட்டை, இலைச்சருகு குவிந்த மூலை. மேலே நடந்து பார்த்து இவற்றில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. குனிந்து அடியில் பார்க்க வேண்டும்.

நான் ஒரு பாலத்தைப் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன், நீங்களும் செய்யலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். காலின் அடியில், மண்ணோடு ஒட்டிய இடத்தில் அதைக் குத்துங்கள். நல்ல மரத்தில் முனை நுழையாமல் நிற்கும், அழுத்தினால் நீளமான சிம்பு பெயரும். இற்ற மரத்தில் முனை உள்ளே போய்விடும். பெயர்த்தால் நாராக வராமல் சதுரம் சதுரமாக உதிரும், அல்லது ஈரப் பஞ்சு மாதிரி வரும். அப்புறம் பாலத்தின் நடுவில் நின்று பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மேலிருந்து கீழே கொஞ்சம் நெளிவது பரவாயில்லை. பக்கவாட்டில் ஆடினால் முட்டுச் சட்டம் இல்லை அல்லது கழன்றுவிட்டது என்று பொருள். கடைசியாக ஆணித் தலைகள். மரம் நனைந்து ஊதி, காய்ந்து சுருங்கும் ஒவ்வொரு முறையும் ஆணி மயிரிழை மேலே வருகிறது. தலை தூக்கிய ஆணி டயரைக் கிழிக்கும், விழுந்தவன் முழங்காலையும் கிழிக்கும். திருகாணி போட்டால் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். கடினப்படுத்திய டெக் திருகாணிகள் மேலே இழுப்பதைத் தாங்கும், ஆனால் பக்கவாட்டு வெட்டுவிசையில் வளையாமல் பட்டென்று முறியும். அதனால்தான் பாரம் தாங்கும் இணைப்புகளுக்கு முறுக்கு ஆணியையே விரும்புகிறோம். செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரமாக இருந்தால் துத்தநாகம் பூசிய ஆணி கட்டாயம்; சாதாரண இரும்பை அந்தச் செம்பு அரித்துவிடும்.

வழுக்காமல் இருக்கக் கோழிவலைக் கம்பியைப் பலகை மேல் அடித்திருப்பார்கள். புதிதாக இருக்கும்போது அருமையாகப் பிடிக்கும். தேய்ந்து ஒரு கண்ணி அறுந்ததும் கம்பி முனைகள் மேலே நீட்டிக்கொள்ளும். கனமான விரித்த உலோக வலை நீண்ட நாள் வரும். எது சிறந்தது என்பதில் கட்டுபவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அறுந்த வலையை அப்படியே விடக் கூடாது என்பதில் மட்டும் வேறுபாடு இல்லை.

உயிருள்ள மரத்தில் ஆணி அடித்துத் தாங்க வைத்த பழைய பாலங்களும் சில இடங்களில் உண்டு. காற்றில் மரம் அசையும், ஆண்டுக்கு ஆண்டு பருக்கும், இரண்டும் ஆணியைப் பிடுங்கும். அப்படி ஒன்றைக் கண்டால், எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும், பையனை ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இந்தச் சோதனைகளுக்கு எல்லை உண்டு. பருத்த உருளைக் கட்டையில் வெளி ஓடு கெட்டியாக இருந்து உள்ளே முழுக்க இற்றுப்போயிருக்கலாம். சுத்தியலால் தட்டினால் மந்தமான சத்தம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். துளையிட்டுப் பார்த்தால்தான் உறுதி. ஒரு செடார் பாலம் எத்தனை ஆண்டு வரும் என்று கேட்பவர்களுக்கு நான் எண் சொல்வதில்லை. வெயில் படும் சரிவில் பாறை மேல் கால் வைத்து நிற்பதும், நிழலில் சேற்றுக்குள் கால் புதைந்து நிற்பதும் ஒரே மரமாக இருந்தாலும் ஒரே ஆயுள் இல்லை. கட்டிய தேதியையும் கடைசியாகக் கட்டை மாற்றிய தேதியையும் எழுதி வைக்கும் குழுவுக்கு மட்டும்தான் ஏதாவது தெரியும்.

ஆனாலும் மரம் முறிந்து விழுவது அரிது. முறியும் முன் அது பல வழிகளில் காட்டிக்கொடுக்கும். மண் ஜம்ப் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. அது மெல்ல மெல்ல வேறொரு ஜம்ப்பாக மாறிவிடும், பார்வைக்குப் பழையது மாதிரியே இருக்கும்.

கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. ஒருவன் வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 29 கிலோமீட்டர் அளவில், 30 டிகிரி சாய்வுள்ள லிப்பிலிருந்து, அதாவது ஜம்ப்பின் ஏறுமுக விளிம்பிலிருந்து, கிளம்புகிறான் என்று வையுங்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டால், கிளம்பிய அதே மட்டத்தில் 5.6 மீட்டர் தள்ளி இறங்குவான். வேகம் வினாடிக்கு 7 மீட்டராகக் குறைந்தால் 4.3 மீட்டர்தான். மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் குறைந்ததற்கு 1.3 மீட்டர் போய்விட்டது. ஜம்ப்புக்கு முன்னால் பத்து மீட்டரில் சேறு தேங்கியிருந்தாலோ, பிரேக் பிடித்துப் பிடித்து மண் அலை அலையாக மேடு தட்டியிருந்தாலோ அந்த வேகம் தானாகப் போய்விடும். ஆகவே ஜம்ப்பைப் பராமரிப்பது என்றால் ஜம்ப்பை மட்டும் பார்ப்பதல்ல, அதற்கு ஓடிவரும் பாதையையும் சேர்த்துப் பார்ப்பது. சக்கரங்கள் ஒரே தடத்தில் ஏறி ஏறி லிப்பின் நடுவில் குழி விழுந்து சாய்வு 35 டிகிரி ஆகிவிட்டால், அதே 8 மீட்டர் வேகத்தில் 6.1 மீட்டர் பறப்பான். இறங்கும் இடம் மாறிவிட்டது. அதோடு பின்சக்கரத்தை அந்தச் செங்குத்து முனை எத்திவிடுவதால் முன்பக்கம் குப்புற விழும் அபாயமும் கூடுகிறது.

இறங்கும் இடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். பனிச்சறுக்கு ஜம்ப்களை ஆராய்ந்த பொறியாளர்கள் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் தந்திருக்கிறார்கள். தரையில் மோதும்போது தரைக்குச் செங்குத்தாக உள்ள வேகம் எவ்வளவோ, அதை எவ்வளவு உயரத்திலிருந்து நேராகக் கீழே குதிப்பதற்குச் சமம் என்று மாற்றிச் சொல்வார்கள். மேலே சொன்ன 30 டிகிரி ஜம்ப்பில் சமதரையில் இறங்கினால் 80 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பொத்தென்று விழுவதற்குச் சமம். அதே இடத்தில் தரை 20 டிகிரி கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் வெறும் 10 சென்டிமீட்டர். அதே பையன், அதே வேகம், அதே உயரம். வித்தியாசம் முழுக்க மண்ணின் சாய்வில் இருக்கிறது. லேண்டிங், அதாவது இறங்கும் சரிவு, தேய்ந்து தட்டையாகும்போது இந்த எண் யாருக்கும் தெரியாமல் ஏறிக்கொண்டே போகும். ஓட்டுபவன் "இன்றைக்கு என்னவோ ஜம்ப் முரடாக இருக்கிறது" என்பான், அவ்வளவுதான்.

நீங்கள் ஜம்ப்பைப் பார்க்கப் போனால் லேண்டிங் பக்கமிருந்து மேலே ஏறிப் பாருங்கள். லேண்டிங் முகட்டில் சக்கரம் மோதிய பள்ளங்கள் நிறைய இருந்தால், பலர் எட்டாமல் விழுகிறார்கள் என்று அர்த்தம்: ஓடிவரும் வேகம் போதவில்லை, அல்லது லிப் சரிந்துவிட்டது. சரிவின் அடிவாரத்துத் தட்டையில் குழி இருந்தால் பலர் தாண்டிப் போகிறார்கள். அந்தத் தடங்கள் பொய் சொல்லாது. நடுவில் மண் நிரப்பி மேலே தட்டையாக விட்ட, உருட்டிக்கொண்டே கடக்கக்கூடிய டேபிள்டாப்பாக இருந்தால் எட்டாதவன் மேட்டு மேல் இறங்குவான், அதிர்ச்சி இருக்கும், பெரும்பாலும் எழுந்து போவான். நடுவில் பள்ளம் விட்ட கேப் ஜம்ப்பில் அந்த வாய்ப்பு கிடையாது. 14 வயதுப் பையனுக்குக் கேப் ஜம்ப் கூடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், என்னைவிட நன்றாக ஓட்டும் 14 வயதுப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே நீளமுள்ள டேபிள்டாப்பை ஈர மண்ணிலும் காய்ந்த மண்ணிலும் ஒரே மாதிரி தாண்டத் தெரிந்த பிறகுதான்.

மண் வேலையில் தண்ணீர்தான் எதிரி என்பது ஊரில் ஓட்டு வீடு கட்டியவர்களுக்கே தெரியும்: வாட்டம் கொடுக்காத இடத்தில் எதுவும் நிற்காது. பெர்ம் என்கிற வளைவுக் கரையின் உள்பக்கக் காலடியில் தண்ணீர் சேரும், அதற்கு வெளியேற வழி வெட்டாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் கரை அடியிலிருந்து கரைந்துவிடும். இலைமக்குக் கலந்த கறுப்பு மண்ணில் ஜம்ப் கட்டக் கூடாது, அது இறுகாது. அதை ஒதுக்கிவிட்டு அடியில் உள்ள மணல், களி கலந்த மண்ணைத் தோண்டி எடுத்து, ஒரு சாண் கனத்துக்குப் போட்டு, ஈரமாக வைத்துத் திமிசுக் கட்டையால் இடித்து, அதன் மேல் அடுத்த அடுக்கு. ஆகஸ்ட் மாதத்தில் இங்கே மண் பொடியாகிக் கிடக்கும், அப்போது இடித்தால் சேராது. அதனால்தான் குழுக்கள் மண் வேலையை இலையுதிர்காலத்திலும் வசந்தத்திலும் வைத்துக்கொள்கின்றன. ஆக, கோடைக் கடைசியில் லிப்கள் நொறுங்கி மோசமாக இருக்கும். அப்போதுதான் பள்ளிப் பிள்ளைகள் விடுமுறையில் அதிகம் ஓட்டுகிறார்கள்.

எவ்வளவு அடிக்கடி பார்க்க வேண்டும்? லிஃப்ட் வைத்துக் கட்டணம் வாங்கும் பைக் பார்க் என்றால் தினமும் காலையில் திறக்கும் முன் ஆள் ஓட்டிப் பார்க்க வேண்டும். காட்டுப் பாதைக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே கணக்கு இல்லை. பருவம் தொடங்கும் முன் ஒருமுறை முழுதாக, ஒவ்வொரு புயலுக்கும் பெருமழைக்கும் பிறகு ஒருமுறை, கூட்டம் அதிகமான மாதங்களில் வாரம் ஒருமுறை என்பது என் கருத்து. தன்னார்வலர்களை வைத்து இதைச் செய்வது கடினம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். செய்ய முடியாது என்றால் கட்டுமானங்களைக் குறைக்க வேண்டும். பார்த்துக்கொள்ள ஆளில்லாத பாலத்தை மூடி வைக்காமல் பிரித்து எடுத்துவிட வேண்டும். வடகரையில் பழைய கட்டுமானங்கள் பலவற்றை அப்படி எடுத்தபோது ஓட்டுபவர்கள் நிறைய வருத்தப்பட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

உடையாத கட்டுமானம் ஆளைக் கெடுப்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் புரூஸ் கவுண்டி நடத்திய மவுண்டன் பைக் பூங்காவில், 2008இல், பைக் ஓட்டி நல்ல பழக்கமுள்ள ஒருவர் ஒரு மரக் கட்டுமானத்தைக் கடக்க முயன்று ஹேண்டில்பாருக்கு மேல் விழுந்து கைகால் செயலிழந்தார். 2015இல் நீதிமன்றம் கவுண்டியைப் பொறுப்பாக்கியது, 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நீதிமன்றம் சுட்டிய குறைகளில் எதுவும் மரத்தின் பலத்தைப் பற்றியதல்ல: சரியான எச்சரிக்கைப் பலகை இல்லை, பூங்காவை விளம்பரப்படுத்திய விதம் தவறு, காயங்களைக் கண்காணித்துப் பதிவு செய்யவில்லை, எளியதிலிருந்து கடினமானதுக்குப் படிப்படியாகப் போகும் அமைப்பு இல்லை. கட்டுபவர்கள் எல்லோரும் இதைப் படித்திருக்க வேண்டும் என்பேன். ஒரு கடினமான கட்டுமானம் முன்பின் அறிமுகமில்லாமல் திடீரென்று எதிரில் வந்து நிற்கக் கூடாது. அதன் வாசலிலேயே அதே வகையான, ஆனால் தாழ்வான ஒரு சோதனை இருக்க வேண்டும். அதில் தடுமாறுபவன் பத்திரமாகக் கீழே கால் ஊன்றிப் பக்கத்து எளிய வழியில் போய்விடுவான்.

பாதைக் குறியீடுகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும். இம்பா என்று அழைக்கப்படும் சர்வதேச மவுண்டன் பைக் சங்கத்தின் வழிகாட்டியில் நீலச் சதுரம் போட்ட நடுத்தரப் பாதையில் கட்டுமானத்தின் உயரம் 2 அடிக்கு மேல் போகக் கூடாது, மேல்தளத்தின் அகலம் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். ஒற்றைக் கறுப்பு வைரக் குறி போட்ட கடினமான பாதையில் 4 அடி வரை போகலாம், அகலம் உயரத்தில் பாதியைவிடக் குறையலாம். இரட்டை வைரத்தில் அந்த வரம்புகளும் இல்லை. இது வழிகாட்டிதான், சட்டமல்ல. வடகரையின் நீலம் மற்ற ஊர்களின் கறுப்புக்குச் சமம் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள், என் அனுபவமும் அதுவே. உயரத்தைப் பார்க்கும்போது பாலத்தை மட்டும் பார்க்காமல் விழுந்தால் எங்கே விழுவான் என்பதையும் பாருங்கள். மூன்றடி உயரத்திலிருந்து பாசி மெத்தையில் விழுவதைவிட, ஒன்றரை அடியிலிருந்து கூரான வெட்டுக் கட்டை மேல் விழுவது எவ்வளவோ மோசம். வழுக்கினால் விழும் தூரத்துக்குள் அடிக்கட்டை, பாறை, நட்டு வைத்த குச்சி எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அதை அகற்றுவதும் பராமரிப்பு வேலைதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1995 முதல் 2007 வரை மவுண்டன் பைக்கில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டுப் பிரிட்டிஷ் கொலம்பியாவின் முதுகெலும்புச் சிகிச்சை மையத்துக்கு வந்தவர்களை மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். 107 பேர். அவர்களில் 43 பேருக்குத் தண்டுவடமும் பாதிக்கப்பட்டிருந்தது. எத்தனை பேர் ஓட்டினார்கள் என்பது இல்லாமல் இதிலிருந்து விகிதம் சொல்ல முடியாது, அப்படிச் சொல்வதும் தவறு. ஹெல்மெட் மண்டைக்குத்தான் காப்பு, கழுத்துத் தண்டுவடத்தைக் காக்க அதனால் முடியாது என்பதை மட்டும் பையனுக்குப் புரிய வையுங்கள். புதிய பாதையில் முதல் ஓட்டத்தில் எதையும் தாண்டாமல், ஒவ்வொரு கட்டுமானத்திலும் இறங்கி லேண்டிங் வரை நடந்து பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். நேற்று ஓட்டிய பாதையாக இருந்தாலும் இரவு காற்றடித்திருந்தால் மறுபடியும் அப்படித்தான். ஃப்ரோமில் உள்ள பாப்ஸ்லெட் என்ற பாதை மாதிரி, பெர்ம்களும் உருளும் மேடுகளும் உள்ள எளிய பாதையில் தொடங்கி, அதில் வேகத்தைக் கையாளக் கற்ற பிறகு மரப் பாலங்களுக்குப் போகட்டும்.

பழுது கண்ணில் பட்டால் புகைப்படத்தில் அளவு தெரிய ஷூவையோ ஹெல்மெட்டையோ பக்கத்தில் வைத்து எடுத்து, டிரெயில்ஃபோர்க்ஸ் என்ற பாதை வரைபடச் செயலியிலோ பாதையைப் பார்க்கும் அமைப்புக்கோ இடக்குறியோடு அனுப்புங்கள். நாமே ஆணி அடித்துச் சரிசெய்துவிடலாம் என்று இறங்க வேண்டாம், ஒரு கட்டையை மாற்றியவர் மற்ற கட்டைகளுக்கும் உத்தரவாதம் கொடுத்தது போலாகிவிடும். அவசரமாக மூட வேண்டியிருந்தால் கட்டுமானத்தின் வாசலில், தூரத்திலிருந்தே தெரியும்படி, பருத்த கிளைகளைக் குறுக்கே போடுங்கள். மேலே வளைவில் ஒருவர் நின்று வருபவர்களை நிறுத்தட்டும். கயிறோ கம்பியோ மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பாதையின் குறுக்கே கட்டிவிடாதீர்கள். வேகமாக வருபவன் கண்ணுக்கு அது தெரியாது, கழுத்து உயரத்தில் அது ஆளைக் கொல்லும்.